எட்டு மணிக்குப் போட்டால் என்ன, எட்டரைக்குப் போட்டால் என்ன?

(சிறு வணிகர்களுக்காக நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்று ஓர் ஊர். தறிச் சத்தம் ஓயாத ஊர். அங்கே நெய்த சேலை ஒரு காலத்தில் மொத்த வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் பயணமாகும். இன்று அதே ஊரில் ஓர் அறையில் ரிங் லைட்டை நிறுத்தி, சேலையை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி வீடியோ எடுக்கிறார்கள். முந்தி, பார்டர், பிளவுஸ் துணி எல்லாம் காட்டி முடித்ததும், “பிடிச்சிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்கிறார்கள். அனுப்புகிறவர் ராமநாதபுரத்தில் இருக்கலாம், கோலாலம்பூரிலும் இருக்கலாம். அவர்களிடம் சேலை எடுத்துத் தங்கள் தெருவிலும் உறவிலும் விற்கும் ரீசெல்லர் பெண்கள் வேறு ஆயிரக்கணக்கில். கடை வாடகை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. கையில் இருக்கிற போன்தான் கடை.

இப்படிப் பிழைப்பை போனில் வைத்திருப்பவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். “எத்தனை மணிக்குப் போட்டா ரீச் நல்லா வரும்?” என்பது ஒன்று. “ஷெட்யூல் பண்ணிப் போட்டா ரீச் குறையுமாமே, நிஜமா?” என்பது இன்னொன்று. கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக் கேட்கிறார்கள். முதலாவது கடிகாரத்தைப் பற்றியது. இரண்டாவது கருவியைப் பற்றியது. இவற்றுக்குப் பின்னால் யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பதிவு வெளியாகிற நேரத்தில் கடைக்காரர் எங்கே இருக்கிறார்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி எதையும் குறைப்பதில்லை. கடிகாரம் சிறிதளவு கூட்டும், சிறிதளவு குறைக்கும். கடைக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதில்தான் வியாபாரம் நிற்கிறது. ஏன் அப்படி என்பதைத்தான் இந்த உரை விளக்கப் பார்க்கிறது.

முதலில் கருவியைப் பற்றிய பயம். அது காரணமில்லாமல் பிறந்ததில்லை. கனடாவின் வான்கூவரில் 2008ல் ரயன் ஹோம்ஸ் தொடங்கிய ஹூட்சூட், இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2010ல் ஜோயல் காஸ்காயின் தொடங்கிய பஃபர் போன்ற கருவிகள், பல பதிவுகளை ஒரே நேரத்தில் எழுதி வைத்து, குறித்த நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியிட வழி செய்தன. அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஃபேஸ்புக், ஒரே வெளிக்கருவி வழியாக வரும் பல பதிவுகளை நியூஸ் ஃபீடில் ஒன்றன் கீழ் ஒன்றாக மடித்துக் காட்டிக்கொண்டிருந்தது. மடிப்பை விரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. வெளிக்கருவியில் போட்டால் லைக் குறைகிறது என்று 2011ல் எழுந்த புகாரில் அப்போது உண்மை இருந்தது. பிறகு ஃபேஸ்புக் அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டது. 2012 மே மாதத்தில், பக்கம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதம் முன்னதாகவே பதிவுக்கு நேரம் குறித்து வைக்கும் வசதியைத் தானே கொடுத்தது.

இன்ஸ்டாகிராம் கதை வேறு. பல ஆண்டுகள் அது வெளிக்கருவிகளைப் பதிவிடவே விடவில்லை. அந்தக் காலத்து ஷெட்யூல் கருவிகள், நேரம் வந்ததும் போனில் மணியடித்து நினைவூட்டும். பொத்தானை அமுக்குவது மனிதரின் வேலை. 2018 ஜனவரியில்தான் வணிகக் கணக்குகளுக்கு மட்டும் படங்களைக் கருவி வழியே தானாக வெளியிட அனுமதி கிடைத்தது. 2019ல் ஃபேஸ்புக்கின் சொந்த கிரியேட்டர் ஸ்டுடியோவிலும் அந்த வசதி வந்தது. 2022 நவம்பரில் இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே, 75 நாள் வரை முன்னதாக நேரம் குறிக்கலாம் என்றாகிவிட்டது. தானே கட்டிக் கொடுத்த வாசல் வழியாக வருகிறவரைத் தண்டிக்க ஒரு நிறுவனத்துக்கு என்ன தேவை? 2021 ஜூனில் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி, பதிவுகள் எப்படி வரிசைப்படுத்தப்படுகின்றன என்று விரிவாக எழுதினார். பதிவு எவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கிறது, எப்போது வெளியானது, போட்டவர் யார், பார்ப்பவர் இதற்கு முன் எதையெல்லாம் விரும்பினார், இருவருக்கும் இடையில் பேச்சுவார்த்தை உண்டா என்று அந்தப் பட்டியல் போகிறது. எந்தக் கருவியில் இருந்து வந்தது என்பது அதில் இடம்பெறவில்லை.

அப்படியென்றால் ஷெட்யூல் செய்யத் தொடங்கியபின் ரீச் விழுந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் கண்டது உண்மை. அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் தவறு. 2012ல் ஃபேஸ்புக் தானே சொன்ன கணக்குப்படி, ஒரு பக்கத்தின் பதிவு அதைப் பின்தொடர்பவர்களில் சராசரியாக 16 சதவீதம் பேரைச் சென்றடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வணிகப் பக்கங்களை ஆராய்ந்த ஓகில்வி விளம்பர நிறுவனம், அந்த அளவு 2014 பிப்ரவரியில் சுமார் 6 சதவீதமாகச் சரிந்துவிட்டது என்று காட்டியது. 2018 ஜனவரியில் மார்க் ஜுக்கர்பெர்க், இனி நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தபின் கடைகளின் பக்கங்கள் இன்னும் கீழே போயின. இந்த ஆண்டுகளில்தான் சிறு வணிகர்கள் ஷெட்யூல் கருவிகளைப் பெருமளவில் பிடித்துக்கொண்டார்கள். ரீச் எல்லோருக்கும் விழுந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாகக் கருவிக்கு மாறியவர், பழியைக் கருவி மேல் போட்டார். அன்றைக்கு அவருக்குக் கண்ணில் பட்ட மாற்றம் அது ஒன்றுதான்.

இனி கடிகாரம்.

பதிவுகள் வந்த வரிசையிலேயே தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது நேரம்தான் ராஜா. பார்ப்பவர் போனைத் திறப்பதற்குச் சற்று முன் போட்டவருக்கு மேலிடம். மூன்று மணி நேரம் முன் போட்டவர் அடியில். இணையச் சுட்டிகளைச் சுருக்கித் தரும் பிட்லி நிறுவனம் 2011ல் ஒரு கணக்கைப் போட்டது. ஒரு சுட்டிக்கு உச்சம் தொட்டபின் வரவேண்டிய சொடுக்குகளில் பாதி வந்து முடிய, ட்விட்டரில் சராசரியாக 2.8 மணி நேரம், ஃபேஸ்புக்கில் 3.2 மணி நேரம், யூடியூபில் 7.4 மணி நேரம். மூன்று மணி நேரத்தில் பாதி ஆயுள் தீர்ந்துபோகும் சரக்கை எந்த நேரத்தில் இறக்குவது என்று கவலைப்படுவதில் நியாயம் இருந்தது.

ஆனால் சரக்கு பெருகிவிட்டது. 2014ல் ஃபேஸ்புக்கின் விளம்பரப் பிரிவு அதிகாரி பிரையன் போலண்ட் ஒரு விளக்கம் எழுதினார்: ஒருவர் ஒவ்வொரு முறை ஃபேஸ்புக்கைத் திறக்கும்போதும் அவருக்குக் காட்டத் தகுந்த பதிவுகள் சராசரியாக 1,500 காத்திருக்கின்றன, அவற்றில் சுமார் 300ஐ மட்டுமே தேர்ந்து காட்டுகிறோம். இன்ஸ்டாகிராமும் 2016 மார்ச்சில் இதே வழிக்கு வந்தது. தங்கள் ஃபீடில் வருவதில் சராசரியாக 70 சதவீதத்தை மக்கள் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள், அதனால் இனி அவரவர் விருப்பத்தை ஒட்டி வரிசைப்படுத்துவோம் என்று அறிவித்தது. அந்த மாதக் கடைசியில் உலகெங்கும் சிறு கடைக்காரர்களும் கலைஞர்களும் பதறிப்போய், “எங்கள் பதிவுக்கு நோட்டிஃபிகேஷன் ஆன் செய்து வையுங்கள்” என்று வேண்டிக் கேட்டதையும், பழைய வரிசையே வேண்டும் என்று லட்சக்கணக்கானோர் இணைய மனுவில் கையெழுத்திட்டதையும் அந்தக் காலத்தில் இன்ஸ்டாகிராமில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 மார்ச்சில் கால வரிசையைப் பார்க்க ஒரு தெரிவு மீண்டும் வந்தது. செயலியைத் திறந்ததும் முன்னால் வந்து நிற்பது இன்றும் தேர்ந்தெடுத்த வரிசைதான்.

இந்தியாவில் இன்னொரு திருப்பமும் நேர்ந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே இறக்கியது. ரீல்ஸ், பின்தொடராதவர்களுக்கும் போய்ச் சேரும். திங்கட்கிழமை போட்டது வியாழக்கிழமை திடீரென்று ஓடத் தொடங்குவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து ஓடும் ஒன்றுக்கு எட்டு மணிக்கும் எட்டரைக்கும் என்ன பெரிய வேற்றுமை இருந்துவிட முடியும்? 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரிக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் நேரம் இன்னும் முக்கியம். அதிலும் அரை மணி நேரக் கணக்கெல்லாம் வேண்டாம். பகலா இரவா, விடுமுறையா வேலை நாளா என்ற அளவில் பார்த்தால் போதும்.

நேரத்துக்கு ஆதரவான நல்ல ஆய்வும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது முறையாகாது. வம்சி கனூரி, யிசிங் சென், ஸ்ரீஹரி ஸ்ரீதர் ஆகிய மூவர் 2018ல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பெரிய செய்தித்தாள் ஒன்று 366 நாட்களில் போட்ட ஃபேஸ்புக் பதிவுகளை எடுத்துக்கொண்டு, எந்த வேளையில் எந்த வகைச் செய்தியை மக்கள் சொடுக்குகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். காலையில் மனம் தெளிவாக இருக்கிறது, நாள் ஏற ஏறக் களைக்கிறது என்ற உடல் கடிகார அறிவியலில் இருந்து அவர்கள் தொடங்கினார்கள். பிற்பகலையும் மாலையையும்விடக் காலைப் பதிவுகளுக்கு அதிகச் சொடுக்குகள் கிடைத்திருந்தன. எதை எப்போது போடுவது, எதற்கு எப்போது விளம்பரப் பணம் செலவழிப்பது என்று கணக்கிட்டு அட்டவணை போட்டால் மொத்த லாபம் குறைந்தது 8 சதவீதம் கூட வாய்ப்புண்டு என்று அவர்களின் கணிப்பு காட்டியது.

எட்டு சதவீதம் என்பது ஒரு செய்தித்தாளுக்குப் பெரிய காசு. நாளெல்லாம் பல செய்திகளைப் போடுகிறவர்கள் அவர்கள். எதை முதலில் விடுவது என்ற சிக்கல் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது. வாரத்துக்கு மூன்று சேலை வீடியோ போடுகிறவருக்கு அந்தச் சிக்கலே கிடையாது. அங்கே அளந்தது செய்தியைப் படிக்கச் சொடுக்குவதை. சேலை வாங்குவது என்றால், அத்தையிடம் காட்டி, அக்காவிடம் கேட்டு, “கலர் நேர்ல இதே மாதிரி இருக்குமா?” என்று விசாரித்து, பிறகு ஜிபே செய்வது. காலையில் தெளிவாக இருக்கும் மனம் அந்த நேரத்தில் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும். ஆய்வு சொல்வது சரி, அது யாரைப் பற்றிச் சொல்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, ஆண்டுதோறும் வெளியாகும் ‘பதிவிடச் சிறந்த நேரம்’ அட்டவணைகள். புதன் பதினொரு மணி, வியாழன் பத்து மணி என்று வண்ண வண்ணக் கட்டங்களில் வரும். அவற்றில் பெரும்பாலானவற்றை வெளியிடுவது ஷெட்யூல் கருவி விற்கும் நிறுவனங்கள். அவர்களிடம் தரவு ஏராளமாக இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தரவில் பெரிய பங்கு யாருடையது? சமூக ஊடகத்துக்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுடையது. அந்த ஆட்கள் வேலை நாளில், அலுவலக நேரத்தில், நன்றாக எடுத்த படத்தைப் போடுகிறார்கள். ஞாயிறு இரவு போடப்படுவதில் அவசரத்தில் தட்டியவை அதிகம் இருக்கும். அதன்பின் புதன் காலைப் பதிவுகள் நன்றாக ஓடியிருக்கின்றன என்று கண்டால், அதில் புதனின் பங்கு எவ்வளவு, நல்ல படத்தின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? பல நாடுகளின், பல தொழில்களின் சராசரி அது. திருப்பூரில் குழந்தை உடை விற்பவரின் வாடிக்கையாளர் அந்தச் சராசரிக்குள் எங்கேயும் இல்லாமல் போகலாம்.

“அப்படியானால் எங்கள் கணக்கையே நாங்கள் சோதித்துப் பார்க்கிறோம்” என்பார்கள். பார்க்கலாம். இன்ஸ்டாகிராம் வணிகக் கணக்கில், பின்தொடர்பவர்கள் எந்தெந்த மணிகளில் செயலியில் இருக்கிறார்கள் என்று இன்சைட்ஸ் பகுதியே காட்டுகிறது. சோதனைக்கு இரண்டு நேரங்களைத் தேர்ந்தெடுக்க அது உதவும். ஆனால் சின்னக் கடையின் சின்ன எண்களில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு கடையின் பதிவை ஒவ்வொரு முறையும் 150 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் லைக்கோ கமெண்டோ போடுகிறார்கள். காலையில் போட்டதற்கு நான்கு லைக், மாலையில் போட்டதற்கு ஏழு. உடனே “மாலைதான் நம்ம நேரம்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான்குக்கும் ஏழுக்கும் இடையில் இருப்பது மூன்று மனிதர்கள். ஒருத்தி ஊருக்குப் போயிருந்தாள், ஒருத்தியின் போனில் டேட்டா தீர்ந்திருந்தது, ஒருத்திக்கு மெரூன் நிறம் பிடிக்கும். கடிகாரத்துக்கு இதில் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

மாலைக்கு மாற்றுவதால் மூன்று சதவீதம் நான்கு சதவீதமாகிறதா என்று நம்பிக்கையோடு சொல்ல எவ்வளவு பேர் பார்த்திருக்க வேண்டும்? புள்ளியியலில் வழக்கமாகப் பயன்படும் அளவுகோலை வைத்தால், காலைக்கு 5,300 பேர், மாலைக்கு 5,300 பேர். பதிவுக்கு 150 பேர் கணக்கில், வேளைக்கு 36 பதிவுகள், இரண்டுக்குமாக 72. வாரம் மூன்று பதிவு போடுகிறவருக்கு 24 வாரம். கிட்டத்தட்ட அரை வருடம். அதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். ஒரு பதிவைப் பார்க்கும் 150 பேரும் ஒரே சேலையைத்தானே பார்க்கிறார்கள்? சேலைக்குச் சேலை இருக்கும் வேற்றுமையைச் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த அரை வருடத்துக்குள் ஆடித் தள்ளுபடி வரும், புரட்டாசி வரும், தீபாவளி வரும். ஒவ்வொன்றும் வாங்குபவரின் மனநிலையை, நேரத்தால் முடியாத அளவுக்குப் புரட்டிப் போட்டுவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேற்றுமை பெரிதாக இருந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். மூன்று சதவீதம் ஆறாக இரட்டிக்கிறது என்றால், வேளைக்கு 750 பேர் போதும்; ஐந்தைந்து பதிவுகளில் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். ஆகவே சோதிக்க விரும்புகிறவர், நாணயத்தைச் சுண்டிவிட்டு இன்றைக்குக் காலையா மாலையா என்று முடிவு செய்யட்டும். நல்ல சேலையை மாலைக்கென்று எடுத்துவைக்கும் மனச்சாய்வு அதனால் தவிரும். லைக்கை விட்டுவிட்டு, எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்று நோட்டில் எழுதட்டும். இரண்டு மாதம் பார்த்தும் பளிச்சென்று வேற்றுமை தெரியாவிட்டால், தேடுவதை நிறுத்திவிட்டுத் தனக்கு வசதியான நேரத்தில் போட்டுவிடலாம். இத்தனை நாள் கண்ணில் படாத வேற்றுமை கல்லாவிலும் படாது.

தனக்கு வசதியான நேரம் என்று சொன்னது பேச்சு வாக்கில் சொன்னதல்ல. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ‘சிங்கிள் பீஸ்’ என்றால் என்னவென்று தெரியும். அந்த நிறத்தில், அந்த டிசைனில் ஒன்றே ஒன்று. வீடியோ வெளியான பத்தாவது நிமிடம் நான்கு பேரிடமிருந்து ஸ்கிரீன்ஷாட் வரும். முதலில் வந்தவருக்கு “உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்கா” என்று பதில் போக வேண்டும். மற்ற மூவருக்கும் “அது போயிடுச்சுக்கா, இதே கலர்ல பார்டர் மட்டும் வேற, பாருங்க” என்று அடுத்த படம் போக வேண்டும். இந்தப் பேச்சில்தான் விற்பனை நடக்கிறது. கடைக்காரர் பஸ்ஸில் இருக்கும்போதோ தூங்கும்போதோ அந்த வீடியோ தானாக வெளியானால், நான்கு கேள்விகளும் பதிலில்லாமல் கிடக்கும். இரண்டு மணி நேரம் கழித்து வரும் பதிலுக்குள் அவர்களில் இருவர் வேறு கடையில் சேலை எடுத்திருப்பார்கள்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. செவ்வாய் இரவுக்கு நேரம் குறித்து வைத்த சேலை, செவ்வாய் மதியமே நேரில் வந்தவரிடம் விற்றுப்போகிறது. வரிசையில் இருக்கும் பதிவுக்கு அது தெரியாது. இரவு எட்டு மணிக்கு அது ஒழுங்காக வெளியாகும், இருபது பேர் கேட்பார்கள், இருபது பேருக்கும் “ஸ்டாக் இல்லை”. என்கேஜ்மென்ட் என்று பார்த்தால் அன்றைக்கு நல்ல எண்ணிக்கை. அந்த இருபது பேரில் எத்தனை பேர் அடுத்த முறை கேட்பார்கள் என்பது எந்த இன்சைட்ஸிலும் வராது.

பேச்சுவார்த்தைக்கு, பதிவுகளை வரிசைப்படுத்தும் இயந்திரமும் மதிப்புக் கொடுக்கிறது. ஒருவர் ஒரு பதிவில் சில நொடி நிற்பாரா, கமெண்ட் போடுவாரா, லைக் செய்வாரா, சேமித்து வைப்பாரா, போட்டவரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாரா என்ற ஐந்தையும் ஊகித்துத்தான் ஃபீடை வரிசைப்படுத்துகிறோம் என்று மொசேரியின் அதே கட்டுரை சொல்கிறது. ஏற்கெனவே பேசிப் பழகியவர்களின் பதிவு மேலே வரும். ஆக, “விலை எவ்வளவு?” என்று கேட்டவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிற கடையின் அடுத்த பதிவு அவர் கண்ணில் படும் வாய்ப்பு கூடுகிறது. ஷெட்யூல் செய்த பதிவு சோபிப்பதில்லை என்ற புகாரில் மிஞ்சியிருக்கும் உண்மை இதுதான். நேரம் குறித்துவிட்டுப் போனவர் பதில் சொல்ல வருவதில்லை. பதில் இல்லாத இடத்தில் கமெண்ட் சேர்வதில்லை.

அப்படியானால் ஷெட்யூல் வேண்டாமா? வேண்டும். சிறு வணிகருக்கு அதனால் வரும் முதல் நன்மை, விட்டுவிட்டுப் போடும் பழக்கம் ஒழிவது. ஒரு வாரம் பத்துப் பதிவு, அடுத்த மூன்று வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் தனியாளாகக் கடை நடத்துகிறவர்களின் வழக்கமான கதை. சரக்கு எடுக்க, பார்சல் கட்ட, கொரியருக்கு ஓட, வீட்டைப் பார்க்க என்று அவர் ஒருவர்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நல்ல வெளிச்சத்தில் ஆறு வீடியோ எடுத்து, அந்த வாரத்துக்கு நேரம் குறித்துவிட்டால், மற்ற நாட்களில் அவர் பதில் சொல்வதற்கு மட்டும் போனை எடுத்தால் போதும். தான் போனோடு உட்கார முடிந்த வேளைக்கே அந்த நேரங்களைக் குறிக்க வேண்டும் என்பதுதான் இதில் ஒரே நிபந்தனை. பலருக்கு அது பிள்ளைகள் தூங்கியபின் வரும் ஒன்பது மணி. கூட்டம் அதிகமாக இருக்கும் ஏழரை மணியைவிட, பதில் சொல்ல ஆள் இருக்கும் ஒன்பது மணி அவருக்கு லாபம்.

மணியைவிட நாளும் வாரமும் முக்கியமான தொழில்கள் பல. நவராத்திரி கொலு பொம்மை செய்பவருக்கு, விழா தொடங்கியபின் போடும் எவ்வளவு அழகான ரீல்ஸும் லைக்கோடு நின்றுவிடும். வாங்குபவர் செட்டு பொம்மைக்குச் சொல்லிவைக்கும் வாரங்கள் அதற்கு வெகு முன்னாலேயே தொடங்குகின்றன. அந்த வாரங்களில் பொம்மைக்காரர் வர்ணம் அடித்துக்கொண்டு, மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார். அவருக்காகவே செய்ததுபோல இருக்கிறது 75 நாள் முன்னதாக நேரம் குறிக்கும் வசதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வழக்கமாகத் தேதி மாறாத ஒன்று. கருவாடு விற்பவர் தடைக்காலப் பதிவுகளை மார்ச்சிலேயே தயார் செய்யலாம். ஆனால் மீன் விற்பவர், படகு கரைசேர்ந்ததும் என்ன மீன், என்ன விலை என்று போடும் பதிவுக்கு ஒருநாளும் நேரம் குறிக்க முடியாது. வலை என்ன கொண்டுவரும் என்று முந்தைய ஞாயிறு யாருக்குத் தெரியும்? இட்லி மாவு விற்பவருக்கு ஆர்டர் முடியும் நேரத்துக்கு முன்பு, வீட்டில் கேக் செய்பவருக்கு வார இறுதிக்கு இரண்டு நாள் முன்பு. இவையெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லாத, அந்தந்தத் தொழிலே சொல்லிக்கொடுக்கும் நேரங்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்பவர்களுக்கு மட்டும் கடிகாரம் நிஜமாகவே குறுக்கே நிற்கிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இந்த இரண்டையும் சமாளித்துவிடலாம். டொராண்டோவில் தீபாவளிச் சேலை தேடும் பெண் அக்டோபரில் இரவு எட்டு மணிக்கு போனைத் திறக்கும்போது இங்கே மறுநாள் விடிகாலை ஐந்தரை. அந்தப் பதிவை ஷெட்யூல் செய்யாமல் போட வேண்டுமென்றால் தூக்கத்தைத்தான் கொடுக்க வேண்டும். அவருக்கான பதிவில் விலையையும், கனடாவுக்கு அனுப்பும் செலவையும், போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்பதையும் முதலிலேயே எழுதிவிட்டால், கடைக்காரர் எழுந்து பதில் சொல்லும்வரை அந்தப் பெண் காத்திருப்பார். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் பதில் ஒன்றை எழுதிவைக்கலாம். “காலை எட்டு மணிக்குப் பேசுகிறேன்” என்ற ஒரு வரி பலரைத் தக்கவைக்கும்.

கடைசியாக, நேரம் குறித்துவைப்பதில் உள்ள ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். 2013 ஜனவரியில் பிரிட்டனில் டெஸ்கோ உட்படச் சில கடைகளில் விற்ற மாட்டிறைச்சி பர்கரில் குதிரை இறைச்சி கலந்திருந்தது அம்பலமாகி நாடே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் டெஸ்கோவின் ட்விட்டர் கணக்கில் இருந்து, தூங்கப் போகிறோம், காலை எட்டு மணிக்குச் சந்திப்போம் என்று உற்சாகமாக ஒரு செய்தி வந்தது. தூங்கப் போவதற்கு ஆங்கிலத்தில் வைக்கோலைச் சேர்த்துச் சொல்லும் ஒரு வழக்கு உண்டு. அந்தச் செய்தியில் இருந்தது அந்த வழக்கு. குதிரைத் தீனியைக் காட்டிக் கேலி செய்கிறார்கள் என்று மக்கள் ஆத்திரப்பட்டார்கள். நிலவரம் தெரிவதற்கு முன்பே நேரம் குறித்து வைத்த செய்தி அது என்று டெஸ்கோ மன்னிப்புக் கேட்டது.

பெரிய நிறுவனம், அதனால் பிழைத்துக்கொண்டது. சின்னக் கடைக்கு அது எளிதல்ல. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, சில இடங்களில் பல நாட்கள் பால் பாக்கெட் கிடைக்கவில்லை. அப்படி ஒரு நாளில் வேளச்சேரியில் ஒரு வீட்டின் மாடியில், மீதமிருக்கும் சார்ஜில் உதவி எண்ணைத் தேடுகிறவரின் போனில் “இன்று மட்டும் 20% தள்ளுபடி, சீக்கிரம் வாங்க!” என்று வந்தால், அந்தக் கடையை அவர் எப்படி நினைவில் வைத்திருப்பார்? கடைக்காரரே அன்று கரண்ட் இல்லாமல், சிக்னல் இல்லாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். வரிசையில் இருக்கும் பதிவுகளை நிறுத்த அவருக்கு வழியே இருக்காது. அதனால் நேரம் குறித்துவைக்கும் ஒவ்வொருவரும் கடவுச்சொல்லையும், வரிசையை எப்படி நிறுத்துவது என்பதையும் வேறு ஊரில் இருக்கும் நம்பகமான ஒருவருக்கு இன்றைக்கே சொல்லிவைக்கட்டும். தங்கையோ நாத்தனாரோ, மழை பெய்யாத ஊரில் இருக்கும் ரீசெல்லரோ, யாராக இருந்தாலும் சரி.